எடிட்டருக்கு வந்த ஜுரம்

எங்கள் ஆபீசில் எடிட்டர்கள் இருவர். ஒருவர் என் கட்டுரைகளை வெட்டுகிறவர். மற்றவர் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் 'கோட் எடிட்டர்'. சந்தாதாரர் விலாசம் அச்சடிக்கும் புரோகிராமை அதில்தான் எழுதுகிறேன். கூடவே ஏ.ஐ. என்ற உதவியாளரும் உண்டு. பாதி வரி தட்டினால் மீதியை மங்கலாகக் காட்டுவார். 'டேப்' விசையை அழுத்தினால் வரி பூர்த்தியாகிவிடும்.

சென்ற வாரம் அந்த விசை மக்கர் செய்தது. அழுத்தினால் யோசனை மாயமாய் மறைந்தது! மறுநாள் பத்திரிகை தபாலுக்குப் போயாக வேண்டும். ஏ.ஐ.யையே விசாரித்தேன். மகா மரியாதையாக ஒரு 'செட்டிங்'கை மாற்றச் சொன்னார். தேடினால் அப்படியொன்று இல்லவே இல்லை!

பிறகு பழைய வைத்தியத்தில் இறங்கினேன். எடிட்டரில் சேர்த்திருந்த துணைக் கருவிகள் 32. பாதியை அணைத்துப் பார்ப்பது. கோளாறு எந்தப் பாதியிலோ, அதை மறுபடி இரண்டாக்குவது. ஐந்தாவது சுற்றில் ஆசாமி அகப்பட்டான். அதே 'டேப்' விசைக்குச் சொந்தம் கொண்டாடிய இன்னொரு கருவி! புரோகிராம் கோளாறுக்கு 'பக்', அதாவது பூச்சி, என்று பெயர். 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டரில் நிஜ அந்துப்பூச்சியே சிக்கி, அதை நோட்டில் ஒட்டி வைத்தார்கள். இவனை ஒட்ட முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஏ.ஐ. மறுபடி வாய் திறந்தார். முதல் யோசனையே, பின்கோடில் 5 இலக்கம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வரி. அது அமெரிக்கக் கணக்கு. நமக்கு 1972 முதல் 6. 'டேப்' விசையைத் தொடாமல் அந்த வரியை நானே அடித்தேன்.