பஞ்ச் ரூம் எங்கே?

மன்னார்புரத்தில் பெரியம்மா வீட்டு மளிகைப் பட்டியல் எப்போதும் ஒரு வினோதமான அட்டையில்தான் இருக்கும். ஏழு அங்குலத்துக்குச் சற்று அதிக நீளம், மூன்றேகால் அங்குல அகலம், ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். இளமஞ்சள் அட்டையில் எண்கள் வரிசை வரிசையாக அச்சாகியிருக்கும். நடுநடுவே சின்னச் சின்னச் செவ்வக ஓட்டைகள். அந்த ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி, ‘து.பருப்பு 2 கிலோ, புளி அரை கிலோ’ என்று பெரியம்மா எழுதியிருப்பார். பள்ளி விடுமுறையில் நாங்கள் போகும்போது அதே அட்டைகள் எங்களுக்கு பஸ் டிக்கெட். என் தம்பி கண்டக்டர்.

“பெரியம்மா ஆபீஸ்ல தட்டுற வேலை பாத்தாங்க” என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்தத் தட்டுகிற வேலையில்தான் என் அம்மா டிகிரி படித்தார், இரண்டு மாமாக்களுக்கு வேலை கிடைக்கும்வரை சாப்பாடு நடந்தது, மன்னார்புரத்தில் இந்த வீடும் எழும்பியது. ஆனாலும் அது தட்டுகிற வேலைதான்.

நான் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாண்டு மாணவிகளுக்கு முதல் பாடம் கணினியின் வரலாறு. பாபேஜ், அடா, எனியாக் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். போருக்கான கணினி, பல்கலைக்கழகக் கணினி பற்றியெல்லாம் சொல்வேன். சம்பளப் பட்டியல் போட்ட கணினியைப் பற்றி இருபது ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சென்ற ஆண்டு பாடத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோதுதான் ‘லியோ’வைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

லியோவைச் செய்தது ஒரு தேநீர்க் கடை நிறுவனம். ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனிக்கு இங்கிலாந்து முழுக்கத் தேநீர்க் கடைகளும் லண்டனில் பெரிய ரொட்டி, கேக் தயாரிப்புக் கூடங்களும் இருந்தன. தினமும் லட்சக்கணக்கான சின்னச் சின்ன பில்கள், அவற்றைக் கூட்டிக் கழிக்கப் பெருங்கூட்டமாக எழுத்தர்கள். இந்தச் செலவைக் குறைக்க வழி தேடி, 1947இல் தன் அதிகாரிகள் இருவரை நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆனால் வழி பக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் இருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. லயன்ஸ் அதற்குப் பண உதவி செய்து, அதன் அமைப்பைத் தழுவித் தனக்கென்று ஒன்றைக் கட்டியது. லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ் என்பதன் சுருக்கம்தான் லியோ. ஏறக்குறைய 6,000 வால்வுகள் அதில் இருந்தன. பாதரசம் நிரப்பிய குழாய்கள்தான் நினைவகம். 1951 நவம்பரில் ரொட்டிக்கூடத்தின் கணக்கை அது முழுமையாக ஏற்றுக்கொண்டது. அன்றாட அலுவலகக் கணக்குக்கு வந்த உலகின் முதல் கணினி அதுதான். பிறகு சம்பளக் கணக்கும் அதற்கு வந்தது. தேர்ந்த எழுத்தர் எட்டு நிமிடத்தில் போடும் ஒருவருடைய சம்பளத்தை அது ஒன்றரை வினாடியில் போட்டது.

1965 ஜனவரியில் லியோவை நிறுத்திப் பிரித்துப்போட்டார்கள். இன்று அந்த முதல் இயந்திரம் இல்லை. மிஞ்சியவை சில பாகங்கள், வரைபடங்கள், ஒளிப்படங்கள், கையேடுகள், அதில் வேலை பார்த்தவர்களின் நினைவுகள். லியோவில் பணியாற்றியவர்கள் சேர்ந்து நடத்தும் லியோ கணினிச் சங்கமும் கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையமும் இவற்றைத் திரட்டி, ஸ்கேன் செய்து, பட்டியலிட்டு வருகின்றன. வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசி அவர்கள் குரலைப் பதிகின்றன. இவற்றை வைத்து அந்த இயந்திரம் இருந்த அறையைக் கணினித் திரையில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். இல்லாமல்போன இயந்திரத்தைச் சுற்றி இப்போது மெய்நிகராக நடந்து பார்க்கலாம்.

இதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ரவுண்டானாவில் திரும்பும் பேருந்துகளின் ஹாரனில் பேச்சுக் கேட்காது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, லியோவின் பழைய ஒளிப்படம் ஒன்றைத் திறந்தேன். ஆள் உயர அலமாரிகள், கட்டுப்பாட்டு மேசை. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மெஷின் சரி. பஞ்ச் ரூம் எங்கடி?”

எனக்குப் புரியவில்லை.

“இவ்வளவு பெரிய மெஷினுக்குத் தீனி போட எத்தனை பொம்பளைங்க உக்காந்து தட்டியிருக்கணும்! அவங்க எங்க?”

அதன் பிறகு பெரியம்மா பேசினார், மாலை விளக்கு ஏற்றும்வரை. நாற்பத்தெட்டு வயதுவரை அவரிடம் நான் கேட்காமல் விட்ட கதை அது.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பேருந்தில் தெப்பக்குளத்துக்கு வந்து டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் பெரியம்மா. 1969இல் சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அங்கே இருந்தது ஐபிஎம் 1401. 1959இல் அறிமுகமாகி உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேல் போன கணினி. 1960களில் இந்திய ரயில்வே உட்படப் பல பெரிய நிறுவனங்களுக்கு இதுதான் வந்தது. அதற்கு எதையும் நேராகச் சொல்ல முடியாது. எல்லாத் தகவலையும் அட்டையில் ஓட்டையாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஓர் அட்டைக்கு எண்பது நெடுவரிசை. ஒரு நெடுவரிசையில் ஓர் எழுத்து அல்லது ஓர் எண்.

“மெஷினுக்கு ஏசி. எங்க ரூமுக்கு ரெண்டு ஃபேன். ஐப்பசி மழையில அட்டை ஈரம் இழுத்து உப்பிரும். மெஷினுக்குள்ள போய்ச் சிக்கினா எங்களைத்தான் திட்டுவாங்க.”

ஒருத்தி அடித்த அட்டையை இன்னொருத்தி வெரிஃபையரில் போட்டு, அதே தாளைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். அங்கே புது ஓட்டை விழாது. இரண்டு பேரும் அடித்தது ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். மறுபடியும் தவறினால் அந்த நெடுவரிசைக்கு நேர் மேலே வெட்டு விழும். யார் தப்பு என்று சண்டை வருமா என்று கேட்டேன். “வரும். மத்தியானம் ஒரே டப்பாவுல சாப்பிடுவோம்” என்றார்.

கணினி அறையில் இரவுப் பணி இருந்தது. பெண்களுக்கு இரவுப் பணி கிடையாது என்பதால் கணினி அறையே கிடையாது. புரோகிராமருக்குப் பட்டப்படிப்பு வேண்டும். பெரியம்மா எஸ்எஸ்எல்சி. மற்ற பிரிவு எழுத்தர்கள் இவர்களோடு சரியாகப் பேச மாட்டார்கள். கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் நாடெங்கும் இருந்த காலம் அது. கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் கணினியை நிறுவவிடாமல் இலாகோ கட்டடத்தில் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். “எங்களை மெஷின் கட்சின்னாங்க. மெஷின்காரங்க எங்களைக் கிளார்க்குன்னாங்க” என்றார் பெரியம்மா.

பிறகு பீரோவிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். அதற்குள் மளிகை எழுதாத ஒரே ஓர் அட்டை, சுருட்டி வைத்தது. நீவி விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை வாசித்தார். மேலே பன்னிரண்டும் கீழே ஒன்றும் இருந்தால் ஏ. பதினொன்றும் ஒன்றும் இருந்தால் ஜே. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் தடுமாறவில்லை. அது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் சம்பள அட்டை. பெண். அந்த மாதம் முழுக்க ‘வரவில்லை’ என்ற குறியீடு இருந்தது.

“பாத்ததை அடி. அதுதான் எங்களுக்கு ரூல். யோசிக்கக் கூடாது. தாள்ல ஆப்சென்ட்னு இருந்துச்சு, அடிச்சிட்டேன். அடுத்த அட்டைக்குப் போயிட்டு நின்னுட்டேன். அந்த நம்பருக்குப் போன மாசம் பிரசவ லீவு அடிச்சது என் கைக்கு ஞாபகம் இருந்துச்சு. ஒரு மாசத்துல எப்படிடி பிரசவ லீவு முடியும்?”

தாளை எடுத்துக்கொண்டு சம்பளப் பிரிவுக்குப் போயிருக்கிறார். இருக்கையை விட்டு எழுந்ததற்கு மேற்பார்வையாளர் திட்டினார். எழுதிய எழுத்தர், “உனக்கு எதுக்கும்மா இது?” என்றார். கடைசியில் பதிவேட்டைப் பார்த்தார்கள். தவறு அவர்களுடையதுதான். திருத்திய தாள் வந்தது. பெரியம்மா புது அட்டை அடித்தார். பழையதைக் குப்பையில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் வந்தது. இப்படி ஒருத்தி எழுந்துபோனாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு விடுபட்ட நேரம் மட்டும் பெரியம்மாவின் கணக்கில் குறைவாகப் பதிவானது.

அன்றிரவு லியோவைப் பற்றி மறுபடி படித்தேன். இந்த முறை பெரியம்மாவின் கேள்வியோடு.

1954இல் தேநீர்க் கடைகளுக்கான சரக்கு அனுப்பும் வேலையும் லியோவுக்கு வந்தது. ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரந்தரப் பட்டியல் இருந்தது. கடையை நடத்தும் பெண் மேலாளர் அதில் மாற்றங்களை மட்டும் தொலைபேசியில் சொல்வார். மறுமுனையில் காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் கேட்கக் கேட்க நேராக அட்டையில் அடிப்பார்கள். இதைக் கணினிக் கதையாகப் படித்தால் ஒன்றரை வரி. நாளைக்கு வெயில் அடிக்குமா, பக்கத்தில் கூட்டம் எதுவும் நடக்கிறதா, எந்த ரொட்டி மிஞ்சும், எது பத்தாமல்போகும் என்று கணித்தது யார்? கடைக்காரப் பெண். இரைச்சலான தொலைபேசியில் அதைத் தப்பில்லாமல் கேட்டு இயந்திரத்தின் மொழியில் தந்தது யார்? ஹெட்போன் பெண். ‘உள்ளீடு’ என்று நான் கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டு அம்புக்குறி வரைவேனே, அந்தக் கட்டத்துக்குள் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

லியோவின் பெண்களில் அதிகம் பேசப்படுபவர் மேரி கூம்ஸ். வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண். பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். அவருடைய அப்பா லயன்ஸில் மருத்துவர். நிறுவனம் நடத்திய கணினித் தேர்வில் தேறி 1952இல் நிரல் எழுத வந்தார். 1964இல், நோயுற்ற மகளைப் பார்த்துக்கொள்வதற்காக முழுநேர வேலையை விட்டார். பிறகு பள்ளி ஆசிரியை ஆனார். 2022இல் மறைந்தார். அவர் குரலை பிரிட்டிஷ் நூலகம் பதிவு செய்து வைத்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாம் பெண்களின் வரலாற்றைத் தோண்டும்போதும் முதலில் கைக்குத் தட்டுப்படுவது பட்டம் பெற்ற பெண்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் வகுப்பில் அடாவைத்தான் சொன்னேன்; வீட்டிலிருந்த பெரியம்மாவைச் சொல்லவில்லை.

இன்னும் பின்னால் போனால் அந்தக் கோப்பையில் இருந்த தேநீர். பிரிட்டன் அன்று குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பதற்காகத் தோட்டத் துரைமார்கள் 1904இல் அமைத்த சிலோன் லேபர் கமிஷனுக்குத் தலைமையிடம் நம் திருச்சி. இங்கிருந்து போன பெண்கள் கொழுந்து பறித்தார்கள். கங்காணி நிறுத்தான், செக்ரோலில் பேர் விழுந்தது. நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது நாள் முழுக்க நின்றாலும் பாதி நாள் கூலி. 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகத்தான் வைத்தது. செக்ரோலில் ஒரு கோடு, அட்டையில் ஓர் ஓட்டை. உழைத்தவள் உழைக்காதவள் ஆகிவிட அவ்வளவு போதும்.

கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401களைப் பழுதுபார்த்து ஓட்டிக் காட்டுகிறார்கள். ஆகவே பெரியம்மா தீனி போட்ட இயந்திரம் எப்படி இரைந்தது என்பதை இன்றும் கேட்கலாம். அதன் சர்க்யூட் வரைபடங்கள் இருக்கின்றன. ஈர அட்டையை எப்படி விசிறிக் காயவைப்பது, புரியாத கையெழுத்தை எப்படி ஊகிப்பது, எப்போது ‘பாத்ததை அடி’யை மீறி எழுந்துபோவது என்பதற்கெல்லாம் வரைபடம் கிடையாது. அவை இருப்பது எழுபது, எண்பது வயதுப் பெண்களிடம்.

அதனால் நானும் என் மாணவிகள் சிலரும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். பெரிய நிதி எதுவும் இல்லை. கைப்பேசி, ஒரு மைக், ஒரு ஸ்கேனர். முதல் பதிவு பெரியம்மாதான். வேலை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு மாணவி கேட்டாள். ‘தட்டச்சு’ என்றேன் பழக்கத்தில். பெரியம்மா முறைத்தார். “பஞ்ச் அண்ட் வெரிஃபை. ரெண்டும் போடு.”

அந்த அட்டையையும் ஸ்கேன் செய்தோம். எண்பது நெடுவரிசையையும் பெரியம்மா சொல்லச் சொல்ல மாணவிகள் கணினியில் ஏற்றினார்கள். பணியாளர் எண்ணை மட்டும் வெளியில் காட்ட வேண்டாம் என்றார். “அந்தப் பொண்ணைக் கேக்காம எப்படிப் போடுவ?”

பதிவைத் தாளில் எழுதி முடித்து, கல்லூரிச் சேமிப்பில் போடப்போகிறேன் என்று போனில் சொன்னேன். வெரிஃபை பண்ணாமல் எதுவும் போகக் கூடாது என்று கூப்பிட்டார். நான் வாசிக்க வாசிக்க, கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஓர் ஆண்டு தப்பு. இன்னொன்று, ‘ஐந்து பெண்கள்’ என்று எழுதியிருந்தேன்.

“ஆறு பேருடி. ஒருத்தி ஸ்ரீரங்கத்துலதான் இருக்கா. என் அட்டையை வெரிஃபை பண்ணினவ. காது கொஞ்சம் மந்தம், கிட்ட உக்காந்து பேசணும்.”

வரும் ஞாயிறு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகிறோம். ஸ்கேனரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. அவரிடமும் ஒரு டப்பா இருக்கலாமாம்.