முதல் டம்ளர்

எங்கள் வீட்டு இட்லிக் கொப்பரையை வைத்துக்கொண்டு ஓர் இரசாயனப் பொறியாளர் எனக்குப் பாடம் நடத்துவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பொறியாளர் வேறு யாருமல்ல, என் அக்காளின் மகன்தான். சர்க்கரை ஆலையோடு சேர்ந்த ஸ்பிரிட் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு உத்தியோகம். பொங்கலுக்குத் திண்டுக்கல் வந்திருந்தான்.

"அங்கே அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"காலம் பார்க்கிறேன் மாமா" என்றான்.

பையன் ஜோசியத்தில் இறங்கிவிட்டானோ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். தூணுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத்தான் அவர்கள் தொழிற்சாலையில் 'காலம்' என்று சொல்கிறார்களாம். மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டிய உயரத்தில் ஓர் உலோகத் தூண், உள்ளே கூடு. கூட்டுக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். மொலாசஸைப் புளிக்க வைத்து எடுத்த கரைசலில் 100-க்கு எட்டு, பத்துப் பங்குதான் சாராயச் சத்து இருக்கும். அதை 95 வரை ஏற்றிவிடுவது இந்தத் தட்டுகள்தானாம்.

எனக்கு இதில் அக்கறை ஏற்பட வேறொரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுக்களையில் அக்காள் இட்லி ஊற்றத் தயாராகிக்கொண்டிருந்தாள். பையன் துணி போடாத வெறும் தட்டு ஒன்றை எடுத்துத் தொட்டியின் மேல் பிடித்து, ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். தண்ணீர் துளைகளின் வழியே பொலபொலவென்று ஒழுகிவிட்டது.

"இப்போ இது அழுகிற தட்டு. நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம், தட்டு அழுதுன்னு. கீழேயிருந்து ஆவி வேகமா ஏறினா தண்ணியை ஒழுக விடாம தாங்கிப் பிடிக்கும். தட்டுமேல இரண்டு அங்குலத்துக்குத் தண்ணி நுரைச்சுக்கிட்டு நிக்கும். ஆவி அதுக்குள்ளே புகுந்து குமிழி குமிழியா மேலே போகும்."

"போனால்?"

"போறபோது பண்டமாற்று நடக்கும் மாமா. ஆவியிலே இருக்கிற தண்ணி கொஞ்சம் தட்டிலே தங்கிடும். தட்டிலே இருக்கிற சாராயம் கொஞ்சம் ஆவியோட கிளம்பிடும். அடுத்த தட்டிலே மறுபடி அதே கதை."

ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஓரத்தில் சிறு தடுப்பு. அதைத் தாண்டி வழிகிற திரவம் ஒரு பக்கவாட்டு வழியாகக் கீழ்த்தட்டுக்கு இறங்குகிறது. ஆவி ஏறிக்கொண்டே, திரவம் இறங்கிக்கொண்டே இருக்கும். உச்சிக்கு வந்த ஆவியைக் குளிரவைத்து, கிடைத்ததில் ஒரு பங்கைத் திரும்பவும் உச்சித் தட்டிலேயே ஊற்றிவிடுகிறார்களாம். சம்பாதித்ததை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். கொடுக்காவிட்டால் மேல்தட்டுகள் வறண்டுபோகும், பிரிவினை நடக்காது என்றான்.

ஆவியை அதிகமாக விட்டாலும் ஆபத்து. நுரை மேல்தட்டை எட்டிப் பிடிக்கும். இறங்க வேண்டிய திரவம் இறங்காமல் தேங்கித் தேங்கித் தூண் முழுவதும் வெள்ளமாகிவிடும். குறைந்தால் அழுகை, மிகுந்தால் வெள்ளம். நடுவிலே உள்ள சிறு இடைவெளியில் இரவும் பகலும் நடத்திக்கொண்டு போவதுதான் இவன் வாங்கும் சம்பளத்துக்கு வேலை.

ஒருமுறை மூன்று நாள் தூங்கவில்லையாம். சரக்கு எவ்வளவு பார்த்தாலும் தரத்துக்கு ஏறவில்லை. ஆவியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், மானிகளைச் சந்தேகித்தார்கள். கடைசியில் ஆலையை நிறுத்தி, தூணை ஆறவைத்து, ஆள் நுழையும் துவாரத்தைத் திறந்து இவனே விளக்கோடு உள்ளே போனான். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே இரண்டடி இருந்தால் பெரிது. தவழ்ந்துதான் போக வேண்டும். பதினோராவது தட்டில் ஒரு பலகையின் போல்ட்டுகள் கழன்று, தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எவ்வளவு? விரல் கனம்! சாய்ந்த பக்கமாகத் திரவம் ஓட, உயர்ந்த பக்கம் வறண்டு கிடக்க, ஆவி வறண்ட துளைகளின் வழியே யாரையும் சந்திக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒழுங்கான தட்டே நூற்றுக்கு நூறு வாங்குவது அபூர்வம். தட்டுக்கு மதிப்பெண் போடும் கணக்கை மர்ஃப்ரீ என்ற அமெரிக்கர் 1925-ல் வகுத்துக் கொடுத்தார். அறுபது, எழுபது வாங்கினாலே நல்ல பிள்ளை என்கிறார்கள். ஏட்டுக் கணக்கில் இருபது தட்டு போதுமென்றால் முப்பது வைத்துக் கட்டுவது அதனால்தான்.

தட்டுகளை அடுக்கித் தூணாக்கும் யோசனைக்கு 1813-லேயே பிரான்சில் செல்லியே-புளூமெந்தால் என்பவர் உரிமை வாங்கிவிட்டார். பிறகு 1830-ல் அயர்லாந்துக்காரரான ஈனியஸ் காஃபி துளைத் தட்டுத் தூணுக்கு உரிமை பெற்றார். இந்தக் காஃபி யார் தெரியுமோ? கள்ளச் சாராயம் பிடிக்கும் கலால் உத்தியோகஸ்தர்! காய்ச்சுகிறவர்கள் கையால் ஒருமுறை பலமாகக் குத்துப்பட்டுப் பிழைத்தவர். வேலையை விட்ட பிறகு, உலகத்திலேயே வேகமாகச் சாராயம் காய்ச்சும் கருவியைச் செய்தார். நாவலில் இப்படி எழுதினால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இன்று மணலியில் கச்சா எண்ணெயைப் பெட்ரோலாகவும் மண்ணெண்ணெயாகவும் டீசலாகவும் பிரிப்பதும் இதே தட்டு வித்தைதான்.

இனி, சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமன் பூட்டுத் தொழிலாளி. மாங்காய்ப் பூட்டில் அவர் கைக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. 1964-ஆம் வருஷம். 1948 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. குடிக்கிறவர்கள் வார்னிஷ் போடும் ஸ்பிரிட்டை வாங்கி, தண்ணீர் கலந்து பானையில் காய்ச்சிக் குடித்தார்கள். குடிக்கக் கூடாதென்றே அதில் மெத்தனால் சேர்த்திருப்பார்கள். ஒரு திருவிழா இரவில் மாமாவும் குடித்தார். மறுநாள் மத்தியானம், "ஏன்டா, வாசல்லே இவ்வளவு பனி?" என்று கேட்டார். வைகாசி மாதம், வெளியே நெருப்பாய் வெயில். அன்று மாலைக்குள் பனி முழு இருட்டாகிவிட்டது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடித்துவிடும் என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு அவர் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அரத்தையும் சாவியையும் விடவில்லை. விரலாலேயே பார்த்துப் பல்லை ராவுவார். யாராவது அந்தக் காய்ச்சினவனைத் திட்டினால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். "அவன் யோக்கியன்டா! முதல் டம்ளர்தான் விஷம்னு சொல்லி, அதைக் கீழே கொட்டிட்டுத்தான் எனக்குக் கொடுத்தான். என் கண்ணாலே பார்த்தேன்" என்பார். குற்றமெல்லாம் தன் தலையெழுத்தின் மேல்தான்.

அந்த முதல் டம்ளரைப் பற்றித்தான் பையனிடம் கேட்டேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். "மெத்தனால் 65 டிகிரியிலே கொதிக்கும், நல்ல சாராயம் 78-லே. 13 டிகிரிதான் வித்தியாசம். அதனாலே முதல்லே ஒண்ணு வந்து முடிஞ்சிடும், அப்புறம் மற்றது வரும்னு ஜனங்க நினைச்சுக்கிறாங்க. அப்படி வராது மாமா. இரண்டும் சேர்ந்துதான் கொதிக்கும். ஒரு பானைன்னா ஒரே ஒரு தட்டுக் கணக்கு. இரண்டையும் சுத்தமாப் பிரிக்க எங்களுக்கே நாற்பது ஐம்பது தட்டு வேணும். அதிலும் தண்ணி சேர்ந்திருந்தா இரண்டும் கைகோத்துக்கிட்டே வரும். முதல் டம்ளர்லே எவ்வளவு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு அஞ்சாவது டம்ளர்லேயும் இருந்திருக்கும்."

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுகூட, டீக்கடையில் ஒருவர், முதலில் வருவதைக் கொட்டத் தெரியாதவன் காய்ச்சியிருப்பான் என்று சொல்லக் கேட்டேன். அங்கே காய்ச்சும் கேள்வியே இல்லை. ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனாலையே கலந்திருந்தார்கள். எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. சும்மா எழுந்து வந்துவிட்டேன்.

"அப்போ அந்த ஆளு யோக்கியன்தானா, இல்லையா?" என்றாள் அக்காள், அடுப்பைப் பார்த்தபடியே.

"யோக்கியனாத்தான் இருந்திருப்பார் அம்மா. கொட்டினா போயிடும்னு அவரும் நம்பியிருப்பார். அவரும் அதையேதானே குடிச்சிருப்பார்?"

குடித்தார். ஒரு வாரத்துக்குள் அவர் இறந்துபோனதை மாமாவிடம் நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. வெளியூர் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருந்தோம்.

அக்காள் ஈரத்துணியைத் தட்டின்மேல் விரித்து மாவை ஊற்றத் தொடங்கினாள்.