கலிங்கு தாண்டிய ஆறு

அயோவா சிட்டி என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பலருக்கும் அசோகமித்திரன் வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும். 1973இல் அங்கு நடந்த சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் கலந்துகொண்டு ஏழு மாதங்கள் தங்கியவர் அவர். அந்த நாட்களிலிருந்து பிறந்ததே ‘ஒற்றன்’. 2006ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நாங்கள் அந்த ஊருக்குக் குடிபோனபோது கைப்பெட்டியில் வைத்திருந்த ஒரே தமிழ்ப் புத்தகமும் அதுதான். எங்களில் ஒருவர் ஆராய்ச்சி மாணவர். மற்றவர், வேலைபார்க்க அனுமதிக்காத விசாவில் உடன் சென்றவர். ஆகவே நகரத்தை முதலில் அறிந்தவர் அந்த இரண்டாமவரே என்று சொல்லவேண்டும்.

மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளியின் நடுவே, முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். மாணவர்கள் மட்டும் முப்பதாயிரம் பேர் இருப்பார்கள். ஒரு காலத்தில் அயோவாவின் தலைநகராக இருந்து, 1857இல் அந்தப் பெருமையை டெ மாய்னிடம் பறிகொடுத்தது. பதிலுக்குக் கிடைத்ததைப்போல் பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று. தலைநகராக நீடித்திருந்தால் இன்னொரு அலுவலக நகரமாகியிருக்கும் என்பது எங்கள் எண்ணம். பல்கலைக்கழகத்தை நடுவே பிளந்துகொண்டு அயோவா ஆறு ஓடுகிறது. கிழக்குக் கரையில் பழைய கட்டடங்களும் நூலகமும், மேற்குக் கரையில் மருத்துவமனையும் கலையரங்குகளும். வகுப்புக்கும் நோய்க்கும் பாட்டுக்கும் பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும்.

எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடிவே இராது. 1936இல் தொடங்கிய படைப்பெழுத்துப் பட்டறையில் ஃபிளானரி ஓ’கானர் மாணவி, கர்ட் வானகட் ஆசிரியர். அதனை ஏறக்குறைய கால் நூற்றாண்டு நடத்திய பால் எங்கிள், 1967இல் தைவானிலிருந்து வந்த நாவலாசிரியை ஹுவாலிங் நியேவுடன் சேர்ந்து சர்வதேசத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அவர்கள் மணந்துகொண்டார்கள். ஓரான் பாமுக்கும் மோ யானும் நோபல் பரிசுக்கு முன்னரே இந்த ஊரின் நடைபாதைகளில் நடந்தவர்கள். எங்களை வியப்பில் ஆழ்த்திய தகவல் வேறொன்று. அசோகமித்திரன் அங்கிருந்த அதே 1973ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும் பட்டறையில் ஆசிரியர்களாக இருந்தார்கள். அவர்கள் இருவரும் பாடம் நடத்தியதைவிடக் குடித்ததே அதிகம் என்பது பிரசித்தம். அவர்களை எங்காவது ஒரு கடை வாசலில் அசோகமித்திரன் கடந்து சென்றிருப்பாரா என்று நாங்கள் பல இரவுகள் வெட்டியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2008 ஏப்ரலில் அப்பா வந்தார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமனார். பொதுப்பணித்துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் காவிரிப் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இலக்கியம் என்பது வேலை கிடைக்காதவர்கள் செய்யும் காரியம் என்பது அவருடைய உறுதியான கருத்து. வீட்டிலேயே அதற்குச் சான்று கிடைத்துவிட்டதால், வந்த முதல் வாரத்தில் அவர் அதிகம் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எங்களை வதைத்தது. பிரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடைக்கு அழைத்துச் சென்றோம். அயோவா அவென்யூ நடைபாதையில் எழுத்தாளர்களின் சொற்களைப் பொறித்துப் பதித்திருக்கும் வெண்கலப் பலகைகளைக் காட்டினோம். “எழுத்தை மிதிச்சுட்டுப் போறாங்களே” என்றார். அவ்வளவுதான்.

அவரை அசைத்தது ஆறுதான். ஊருக்கு வடக்கே சில மைல் தொலைவில் கோரல்வில் அணை இருக்கிறது. 1958இல் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் அருகே டெவோனியன் புதைபடிவப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். 1993 வெள்ளத்தில் நீர்த்தேக்கம் நிரம்பி, உபரிநீர் வழியாகப் பாய்ந்த தண்ணீர் பதினைந்தடி ஆழத்துக்கு மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. மரங்களும் முகாம் மைதானமும் சாலையும் போயின. அடியில் தெரிந்தது ஒரு கடலின் தரை. முப்பத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெப்பமண்டலக் கடல் இருந்திருக்கிறது. பவளங்களும் கடல் அல்லிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அப்பா குனிந்து ஒரு பவளப் படிவத்தின் அறுகோணங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அணையைப் பார்த்தபடி, “கலிங்கு ஒரு தடவை தாண்டியிருக்கு. இன்னொரு தடவை தாண்டும்” என்றார். எங்களுக்கு ‘ஸ்பில்வே’ என்பதற்குச் சட்டென்று ஒரு தமிழ்ச்சொல் தோன்றியிருக்காது. ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு அது கலிங்கு.

ஜூன் 10ஆம் தேதி இரவு கலிங்கு தாண்டியது.

நம் ஊர் வெள்ளத்துக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அது நாள் குறித்துக்கொண்டு வந்தது. குளிர்காலப் பனி மிகுதி, வசந்தகால மழை மிகுதி, மண்ணால் இனிக் குடிக்க முடியாத நிலை. நீர்த்தேக்கத்தின் அளவை வைத்து எந்த நாளில் எத்தனை அடி உயரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு அடியில் வெள்ள எச்சரிக்கை. 1993இல் இருபத்தெட்டரை அடி. இம்முறை அதையும் தாண்டும் என்றார்கள். அப்பா ஒவ்வொரு காலையும் செய்தித்தாளைப் பார்த்து ஒரு தாளில் அளவைக் குறித்து வைத்தார். அவர் ஆயுளில் செய்துவந்த வேலை அது. முகத்தில் ஓர் இளமை வந்துவிட்டிருந்தது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் எங்களுக்கு ஆபத்தில்லை. அரைமணி நேரத் தொலைவிலுள்ள சீடர் ராப்பிட்ஸில் சீடர் ஆறு நகரின் மையப்பகுதியையே மூழ்கடித்துவிட்டது.

பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் இருந்த புத்தகங்களை மேல்தளங்களுக்கு ஏற்ற ஆட்கள் வேண்டுமென்று அறிவித்தார்கள். நாங்கள் இருவரும் கிளம்பினோம். அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றோம், அறுபத்தெட்டு வயது. “மணல்மூட்டையா தூக்கச் சொல்றாங்க? புஸ்தகந்தானே” என்றார்.

படிக்கட்டில் மனிதச் சங்கிலி. மாணவர்கள், பேராசிரியர்கள், ஊர்க்காரர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாதவர்கள். கீழிருந்து ஒரு புத்தகம் வரும், வாங்கி மேலே நீட்டவேண்டும், மறுபடி திரும்பவேண்டும். முதல் அரைமணி நேரம் தலைப்புகளைப் படித்துக்கொண்டிருந்தோம். பிறகு கைகள் மட்டுமே இருந்தன. அப்பா எங்களுக்கு நான்கு படி மேலே ஒரு தாடி வைத்த இளைஞனுக்கும் ஒரு மூதாட்டிக்கும் இடையில் நின்றார். இரண்டு மணி நேரம் கழித்து உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டார். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இத்தனையும் யாராவது படிக்கறாங்களா?” ஆம் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. சில புத்தகங்களை யாருமே எடுத்திருக்க மாட்டார்கள் என்றோம். “அப்படியும் தூக்குறாங்க” என்றார்.

ஜூன் 15ஆம் தேதி ஆறு 31.53 அடியில் நின்றது. பல்கலைக்கழகத்தின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் நீர் புகுந்தது. ஹான்ச்சர் அரங்கம் மீளவில்லை. 2016இல்தான் மேட்டில் புதியது எழுந்தது. கலை அருங்காட்சியகத்திலிருந்த ஜாக்சன் பொல்லாக்கின் இருபதடி நீள ‘மியூரல்’ ஓவியத்தை முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பிக் காப்பாற்றியிருந்தார்கள். அதனை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்து அடங்கியது. அது சொந்தச் சுவருக்குத் திரும்பப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. எழுத்தாளர்கள் தங்கியிருந்த மேஃப்ளவர் கட்டடத்தின் வாசலிலும் ஆறு நின்றது. அதே ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ அந்த ஊரை இலக்கிய நகரமாக அறிவித்தது. எடின்பரோ, மெல்பர்னுக்கு அடுத்து மூன்றாவதாக.

அப்பா ஆகஸ்டில் ஊர் திரும்பினார். கிளம்புவதற்கு முன் ‘ஒற்ற’னை இரண்டே இரவுகளில் படித்து முடித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்” என்பது அவருடைய விமர்சனம். எங்களில் ஒருவருடைய கதை முதன்முதலில் ஒரு சிற்றிதழில் வந்தபோது, அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இதழில் பத்துப் பிரதிகள் வாங்கியிருந்தார் என்பதை அவர் மறைவுக்குப் பிறகு, 2017இல், அவருடைய அலமாரியைத் திறந்தபோதுதான் அறிந்தோம். ஒன்பது இருந்தன. பத்தாவதை யாருக்குக் கொடுத்தார் என்று விசாரித்தும் தெரியவில்லை.

நாங்கள் 2011இலேயே அந்த ஊரைவிட்டு வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டோம். சென்ற 2025ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இரண்டு நாட்கள் போய்வந்தோம். ஹுவாலிங் நியே அதற்கு முந்தைய ஆண்டுதான் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்திருந்தார். எழுத்தாளர் திட்டத்துக்கு அமெரிக்க வெளியுறவுத்துறை அளித்துவந்த நிதியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்து ஆற்றங்கரையில் உட்காரவைத்த ஓர் ஏற்பாட்டுக்கு நேர்ந்த கதி இது. இந்த வெள்ளத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் எவருமில்லை. பிரெய்ரி லைட்ஸில் கூட்டம் குறையவில்லை. நூலகத்தின் நிலவறைப் படிக்கட்டு நினைவிலிருந்ததைவிடக் குறுகலாகத் தெரிந்தது. நான்கு படி மேலே போய்ச் சற்று நின்றோம். ஒரு மாணவி வழிவிடச் சொல்லிக் கடந்துபோனாள்.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு ஜூன் மாதமும் தொலைபேசியில் கேட்பார், “ஆறு எவ்வளவு?” நாங்கள் அங்கிருந்து வந்துவிட்ட பிறகும் கேட்டார். நாங்களும் இணையத்தில் பார்த்து அடிக்கணக்கைச் சொல்வோம். இம்முறை ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தமுடியாது என்பதால் நடந்தே போனோம். தண்ணீர் தாழ்ந்து, கரையோரம் சேறு தெரிந்தது. அங்கு நின்றே கைப்பேசியில் அளவைப் பார்த்தோம்.