மடிப்புக் கலையாமல்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, என் தங்கை மகன் புதிய கோட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஹைதராபாத்தில் அவனுக்கு நேர்முகத் தேர்வு. மறுநாள் மாலை ரயில். "மாமா, இதைச் சுருங்காமல் எப்படிக் கொண்டுபோவது? பேசாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போய்விடட்டுமா?" என்று கேட்டான். இரவு முழுவதும் ரயிலில் ஒரு கோட்டைக் கைக்குழந்தையைப்போல் ஏந்தியபடி விழித்திருக்கும் இளைஞனை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய நினைவொன்று குறுக்கிட்டது, சிரிப்பு நின்றுவிட்டது.

என் வாப்பா தையற்காரர். பினாங்கில், சூலியா வீதியை ஒட்டிய ஒரு தையற்கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோட்டு வெட்டியவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாகூருக்கு வந்து போவார். 1968ஆம் ஆண்டு கடையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வந்த கப்பல் ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலைப்பற்றி எங்கள் பக்கத்தில் கதை சொல்லாத குடும்பம் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வந்து நிற்காது, கடலில் நங்கூரமிடும். ஆளும் பெட்டியும் படகில் இறங்கித்தான் கரைக்கு வரவேண்டும். பெட்டி எவ்வளவு கெட்டியானதாயினும் அலையடித்தால் உள்ளே உப்பு நீர் புகும். ஆகவே வாப்பா தம்முடைய தகரப்பெட்டிக்குள் முதலில் மெழுகுசீலை விரித்து, அதன்மேல் உடுப்புகளை அடுக்கி, சீலையின் நான்கு ஓரங்களையும் மேலே மடித்து மூடிக் கொண்டுவருவார். உம்மா அந்தச் சீலையைக் கழுவி நிழலில் காயவைத்து, சுருட்டிப் பரணில் வைப்பார்கள்.

அந்தக் கடைசிப் பயணத்தில் வாப்பா எனக்கென்று கருநீலக் கம்பளித் துணி கொண்டுவந்தார். நான் படித்து முடிக்கும்வரை அது பெட்டியிலேயே கிடந்தது. 1972இல் சென்னையிலிருந்த ஒரு வணிக நிறுவனத்திலிருந்து எனக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்ததும், அன்றிரவே அளவெடுத்தார். பதினோரு நாளில் கோட்டு முடிந்தது. அப்போது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் வேலை என் தங்கைக்கு.

புறப்படும் நாள் காலை, திண்ணையில் பாய் விரித்து வாப்பா பெட்டி கட்டினார். அதை நான் அன்று அரைக்கண்ணால்தான் பார்த்தேன். இன்று ஒவ்வோர் அசைவும் நினைவில் இருக்கிறது.

முதல் நாளே தேய்த்து, இரவு முழுவதும் கோட்டைக் கொடியில் ஹாங்கரில் தொங்கவிட்டிருந்தார். தேய்த்த சூடு ஆறாத துணியை மடித்தால், மடித்த இடமெல்லாம் கோடு விழுந்து அப்படியே நின்றுவிடும். இது தெரியாதவர்கள்தாம், வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்தே சட்டையை உருவிப் பெட்டியில் திணிக்கிறார்கள். பிறகு கோட்டின் பைகளைக் காலிசெய்து, இரண்டு தோள்களுக்குள்ளும் கைகளை நுழைத்துத் தூக்கிப் பிடித்தார். இடத்தோளை மட்டும் உட்புறம் வெளியே வரும்படி புரட்டினார். வலத்தோளை அதற்குள் செருகினார். இப்போது லைனிங் துணி வெளியிலும், கம்பளி உள்ளுமாகக் கோட்டு நீளவாட்டில் பாதியாயிற்று. கைகள் இரண்டும் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டன. தோளின் வளைவு நசுங்காதிருக்க, பினாங்குக் கடைகளில் துணி சுற்றித் தரும் மெல்லிய வெள்ளைத் தாள்களைக் கசக்கி உருட்டி அங்கே வைத்தார். அந்தத் தாள்களை அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு தாள் கிழிந்தால்கூட உம்மாவிடம் கோபித்துக்கொள்வார்.

அடுத்து, கால்சட்டையின் இடுப்புப் பக்கத்தைப் பெட்டிக்குள் வைத்து, கால்கள் இரண்டையும் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டார். அதன்மேல் கோட்டு. கோட்டைக் குறுக்கே மடிக்க வேண்டிய இடத்தில், சுருட்டிய பனியன் இரண்டை வைத்து அதன்மேல் வளைத்தார். கூர்மையாக மடிந்தால்தான் கோடு விழும். உருண்டையாக வளைந்தால் விழாது. கடைசியில் தொங்கிய கால்களைத் தூக்கிக் கோட்டின்மேல் மூடினார். கோட்டுக்குக் கால்சட்டையும் கால்சட்டைக்குக் கோட்டும் திண்டாயின. சட்டையின் காலருக்குள் இடுப்புவாரைச் சுருட்டி வைத்தார், காலர் சரியாதிருக்க. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஒரு தாள். துணி துணியோடு உராய்ந்தால் இழுபட்டுச் சுருங்கும். தாள் இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். இன்று சலவைக் கடைகளில் போட்டுத் தருகிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் உறை, அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பெட்டியில் மீந்த இடத்தையெல்லாம் கைலிகளைச் சுருட்டி அடைத்தார். பெட்டி தளர்வாக இருந்தால் உள்ளிருப்பது நகரும், திணித்தால் நசுங்கும். "நீ ஒழுங்கா மடிக்காட்டி, துணி தன் இஷ்டத்துக்கு மடிச்சிக்கும் தம்பி" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி திருவாரூர் வழியாக மாயவரம் போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. வேர்வையும் புழுதியும் தாங்காமல் இறங்கி, நடைமேடைக் குழாயில் முகம், கை, கால், கழுத்தெல்லாம் கழுவினேன். துண்டு நனைந்துவிட்டது. மணி அடித்தார்கள். ஓடிவந்து ஏறி, பெட்டியைத் திறந்து, சொட்டச் சொட்ட இருந்த துண்டை மேலே போட்டு, மூடி அமுங்காததால் அதன்மேல் உட்கார்ந்து பூட்டினேன். எழும்பூர் வரை நல்ல தூக்கம்.

திருவல்லிக்கேணியில் உறவினர் ஒருவருடைய அறையில் பெட்டியைத் திறந்தபோது காலை எட்டு மணி. பத்து மணிக்குத் தேர்வு. கோட்டின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக வரிகள். மார்பில் விரியும் மடிப்பு ஒருபக்கம் புரண்டு, நாய்க்காதுபோல் நின்றது. கையால் நீவினேன், போகவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன். அவர் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கம்பளிக்கு நான் கைவைக்க மாட்டேன் சார். பொசுங்கிட்டா யார் பதில் சொல்றது?" நேர்மையான மனிதர். நான்தான் அன்று அவரை மனத்துக்குள் திட்டினேன்.

தேர்வு நடத்தியவர்கள் மூவர். நடுவில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் பார்த்த நேரத்தைக் காட்டிலும் என் மார்பைப் பார்த்த நேரம் அதிகம் என்று எனக்குப் பட்டது. பட்டது என்றுதான் சொல்லமுடியும். கேட்ட கேள்விகள் இரண்டுக்கு எனக்குப் பதிலும் தெரியவில்லை. மூன்றாம் வாரம், வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது.

ஆனால் கடிதம் வருவதற்கு முன்பே நான் செய்த காரியம் ஒன்று உண்டு. ஊர் திரும்பியதும் வாப்பா முதலில் கேட்டது தேர்வைப் பற்றியன்று. "கோட்டு எப்படி இருந்திச்சு?" என்றுதான் கேட்டார். "நீங்க மடிச்சது சரியில்ல வாப்பா. எடுத்துப் பார்த்தா முதுகெல்லாம் சுருக்கம்" என்றேன். உம்மாவும் தங்கையும் அருகில் இருந்தார்கள். வாப்பா "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

சற்று நேரம் கழித்து அவர் பெட்டியைத் திறப்பதைக் கதவோரமாக நின்று பார்த்தேன். கோட்டை எடுக்கவில்லை, முதலில் தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்தாள்கள் நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளிந்திருந்தன. அடித்தாள்கள் அவர் வைத்தபடியே இருந்தன. பிறகு கோட்டை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு, விசிறி, தணல் ஏற்றினார். கோட்டின்மேல் ஈரத் துணி விரித்து, பெட்டியை அதன்மேல் அழுத்தினார். தூக்கினார். இழுக்காமல், தேய்க்காமல், அழுத்துவதும் தூக்குவதுமாக அஸர் வரை உட்கார்ந்திருந்தார். ஆவி அவர் முகத்தை மறைத்து மறைத்து விலகியது.

அந்த ஆவி என்ன செய்கிறது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் அறிந்தேன். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நெடுஞ்சங்கிலிகளால் ஆனது. சங்கிலிக்குச் சங்கிலி ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய பிடிப்பு உண்டு. ஈரம் பட்டால் பிடிப்பு நழுவும். காயும்போது துணி எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ அந்தக் கோணத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் சட்டை நேராவதும், வேர்வையோடு உட்கார்ந்து எழுந்தால் கசங்குவதும் இதனால்தான். கம்பளி வேறு சாதி. அது கெராட்டின் என்னும் புரதம். நம் தலைமயிரும் அதுவே. இயற்கையிலேயே நெளிந்த இழையாதலால் வளைத்தாலும் வில்போல் நிமிரும். உலர்ந்த கம்பளிக் கோட்டில் விழுந்த சிறு சுருக்கம், ஓர் இரவு தொங்கவிட்டாலே பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஈரத்தோடு அழுத்தமும் சேர்ந்து பல மணி நேரம் கிடந்தால், அந்த நிமிரும் குணம் தோற்றுவிடும். மாயவரத்திலிருந்து எழும்பூர் வரை நான் கொடுத்தவை சரியாக அந்த இரண்டுந்தாம்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று தான் மனிதன் செயற்கை இழையைக் கண்டான் போலும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த டெரிலின், எங்கள் இளமையில் ஊரையே மயக்கியது. துவைத்து உதறிப் போட்டால் போதும், இஸ்திரி வேண்டாம். காற்றுப் புகாமல் முதுகு வெந்ததை யாரும் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. பருத்தியையே கசங்காமல் செய்யும் வழியை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சிலிருந்த அரசாங்க ஆய்வுக்கூடத்தில் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ரூத் பெனெரிடோ என்ற அம்மையார், 2013இல்தான் காலமானார். செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே நழுவாத கட்டுப் போடுவது அவர் முறை. துணியின் வலு சற்றுக் குறையும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே உடுத்தலாம். இன்று கடைகளில் விற்கும் 'சுருங்காத' சட்டைகளுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. வாப்பாவுக்கு டெரிலின் பிடிக்காது. "அது துணியில்ல, தோல்" என்பார்.

1973ஆம் ஆண்டு மே மாதம் திருச்சியில் இன்னொரு தேர்வு. முதல் நாள் இரவு பரணிலிருந்து எதையோ வாப்பா எடுப்பதும், கத்தரிக்கோலின் ஓசையும் கேட்டன. காலையில் அதே பாய், அதே மடிப்பு, அதே வெள்ளைத் தாள்கள். நெளிந்தவற்றை மட்டும் நீக்கியிருந்தார். எல்லாம் முடிந்தபின், மூடியின் உட்புறம் ஒரு சிறிய பையைச் செருகினார். மெழுகுசீலைப் பை. வாயில் சுருக்குக் கயிறு. கப்பலில் வந்த சீலையை வெட்டித் தைத்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "துண்டு வைக்க" என்றார்.

கோட்டு ஒரு வரிகூட இல்லாமல் திருச்சி போய்ச் சேர்ந்தது. அங்கே தேர்வு நடத்தியவர்கள் எல்லாரும் அரைக்கைச் சட்டையோடு மின்விசிறிக்கு அடியில் இருந்தார்கள். "இந்த வெயிலில் கோட்டு எதற்கப்பா? கழற்றிவிட்டு உட்கார்" என்றார் மூத்தவர். வேலை கிடைத்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தேன். அந்தக் கோட்டை அதன்பின் என் நிக்காஹுக்கு ஒருமுறை போட்டேன்.

வாப்பா 1987இல் மௌத்தானார்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ நாள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறோம். மாயவரத்துக் குழாயைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை. மெழுகுசீலைப் பை மடித்த இடங்களில் வெடித்து உதிரத் தொடங்கி, வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது.

தங்கை மகனுடைய கோட்டை நான்தான் மடித்தேன். கை சற்று நடுங்கினாலும், தோளுக்குள் தோள் செருகும்போது தடுமாறவில்லை. அவனுடையது சக்கரம் வைத்த பெட்டி. நிமிர்த்தி இழுத்துப் போவது. ஆகவே செருப்பையும் கனமான பொருள்களையும் சக்கரப் பக்கம் வைத்தேன். இல்லையேல் நிமிர்த்தியதும் எல்லாம் சரிந்து கோட்டின்மேல் விழும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கோட்டைத் தொங்கவிடச் சொன்னேன். அப்படியும் சுருக்கம் இருந்தால், விடுதியின் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, ஆவியில் கால்மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு வெளியே காற்றாட விடவேண்டும் என்றும், ஆவி போதும், தண்ணீர் படக்கூடாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டான்.

பெட்டியை மூடுமுன் உள்ளே போய், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வாயுள்ள பிளாஸ்டிக் பை ஒன்றைத் தேடி எடுத்துவந்து, மூடியின் உட்புறம் செருகினேன்.

"இது எதுக்கு மாமா? சோப்புக்கா?"

"துண்டு வைக்க" என்றேன்.