முதல் சுற்று

டென்னிஸ் எண்டால் எங்களுக்கு முதலில் பந்துதான். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாட வாங்கும் பந்து. எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட இன்றுவரை டென்னிஸ் கோர்ட்டில் கால் வைத்ததில்லை. ஆனால் போன வருசம் முழுக்க, உலகத்தில் எந்த மூலையில் டென்னிஸ் நடந்தாலும் முதல் சுற்றில் ஆர் வெல்லுவினம் எண்டு ஊருக்குச் சொன்னவர்கள் நாங்கள்தான்.

தொடங்கியது அவுஸ்திரேலிய ஓபனில். மெல்பேர்னில் காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்தரை. 128 பேர், முதல் சுற்றில் மட்டும் 64 ஆட்டங்கள். அரையிறுதி, இறுதி எண்டால் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். முதல் சுற்றில்தான் தெரியாத பெயர்கள் வரும், அங்கேதான் 'படிச்சவனுக்கு' லாபம் எண்டு நம்பினோம். உண்மையாகவே படித்தோம். தரவரிசை, கடைசி ஐந்து ஆட்டங்கள், களிமண்ணா புல்லா, போன கிழமை எந்த நாட்டில் விளையாடினவர். தகுதிச் சுற்றால் வந்தவர் அதே மைதானத்தில் ஏற்கெனவே மூன்று ஆட்டம் வென்றவர், அவரைக் குறைவா மதிக்கக்கூடாது எண்டெல்லாம் கதைத்தோம். ஏ.எல்.க்கு இப்படிப் படித்திருந்தால் அம்மாக்கள் சந்தோசப்பட்டிருப்பினம்.

பிறகு ஒரு வாட்ஸ்அப் குறூப். அதில் இரவில் எங்கள் 'பிக்ஸ்' போடுவோம். ஆரும் சந்தேகமாகக் கேட்டால் ஒரே பதில்தான்: "ராம்குமார் தீமை அடிச்சது ஞாபகம் இல்லையோ மச்சான்?" 2017 ஜூன், துருக்கியின் அண்டலியா. தரவரிசையில் 222ஆம் இடத்தில் இருந்த சென்னைப் பெடியன் ராம்குமார் ராமநாதன், எட்டாம் இடத்து டொமினிக் தீமை 6-3, 6-2 எண்டு நேர் செட்டில் வென்றார். அது நடந்தது உண்மை. ஆனால் அந்த மாதிரித் தரவரிசையில் இருந்தவர்கள் வந்த கையோடு தோற்றுத் திரும்பின நூறு ஆட்டங்களை ஆரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. நாங்களும் வைத்திருக்கவில்லை.

கணக்கும் பார்க்கவில்லை. சமபலமான இரண்டு பேர் ஆடினால் நியாயமான ஒட்ஸ் 2.00. கொம்பனி தருவது 1.90 அளவில். அப்படியெண்டால் நூறில் 53 சரியாகச் சொன்னால்தான் கைக்காசு மிஞ்சும். ஐந்து ஆட்டத்தை ஒன்றாகக் கோர்த்தால் ஆயிரம் ரூபாய்க்கு 24,760 வரும் எண்டு போன் காட்டும். பார்க்க வடிவாத்தான் இருக்கும். ஐந்தும் சரிவர 32இல் ஒரு வாய்ப்பு, நியாயமாக வரவேண்டியது 32,000. கோர்க்கக் கோர்க்க எங்கட பங்கு தேயும்.

எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவனும் குறூப்பில் இருந்தான். ஓ.எல். எழுதிவிட்டு நிண்டவன். ஒருநாள் நாங்கள் போட்ட ஐந்தில் நாலு வென்றது. ஐந்தாவது ஆள் ஐந்தாம் செட்டில் தோற்றார். நாங்கள் "ச்சே" எண்டு சொல்லிவிட்டுப் படுத்தோம். தம்பி படுக்கவில்லை. விட்டதைப் பிடிக்கப் போய், அந்தக் கிழமைக்குள் தாயின் சீட்டுக்காசில் அறுபதாயிரம் போய்விட்டது. கிணத்துக்கு மோட்டர் வாங்க எடுத்த சீட்டு.

அதுக்குப் பிறகுதான் நாங்கள் வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கினோம். டென்னிஸில் ஊழல் பற்றி 2018இல் ஒரு சுயாதீன விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. தொழில்முறை வீரர்கள் எண்டு பேருக்கு ஏறக்குறைய 15,000 பேர். அதில் செலவுக்குக் காசு தேறுவது முதல் 250 தொடக்கம் 350 பேருக்குத்தானாம். சின்னப் போட்டிகளின் புள்ளிகளை உடனுக்குடன் சூதாட்டக் கொம்பனிகளுக்கு விற்கத் தொடங்கியதும், அந்தக் கீழ்மட்டத்தில் ஆட்டத்தை விற்கும் வழி அகலத் திறந்துவிட்டது எண்டு அந்த அறிக்கை சொல்கிறது. பார்க்க ஆளில்லாத கோர்ட். நடுவர் ஒரு திரையைத் தட்ட, புள்ளி உலகம் முழுக்கப் போகும். நாங்கள் தரவரிசையும் களிமண்ணும் படித்தோம். அங்கே நிண்டவரின் அடுத்த பயணச்சீட்டுக்கு ஆர் காசு கொடுக்கினம் எண்டதை எந்தப் பட்டியலும் எங்களுக்குக் காட்டவில்லை.

பெட் பிடிக்கிறது எங்களுக்குப் புதிசில்லை. மார்ச்சில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதும் வடக்கின் பெரும் போரில் சின்ன வயதிலிருந்தே பிடித்திருக்கிறோம். தோற்றவன் ரோல்ஸும் சோடாவும் வாங்கித் தரவேணும். அவனும் எங்களோடு இருந்துதான் சாப்பிடுவான். காசு எங்களுக்குள்ளேயே சுத்தும், தோற்றவன்ர முகத்தை வென்றவன் பார்ப்பான். போனில் அப்படியில்லை. தம்பி தோற்ற அந்த இரவுகளில் அவன்ர முகத்தை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

குறூப்பை அழித்துவிட்டோம். ஐந்து பேரும் சேர்த்து இதுவரை 38,000 கொடுத்திருக்கிறோம். தாய்க்கு, தம்பி எங்களிட்டக் கைமாத்தாகக் குடுத்தது எண்டுதான் தெரியும். போனால் "இருங்கோ பிள்ளையள்" எண்டு தேத்தண்ணி ஊத்தித் தாறா. குடித்துவிட்டு வாறோம். பின்பக்கம் அவ இன்னும் துலாக்கயிறுதான் இழுக்கிறா. மிச்சம் 22,000. அதைக் கொடுத்து முடிக்கிற அண்டைக்கு உண்மையையும் சொல்லுவம் எண்டு எங்களுக்குள் ஒரு பேச்சு. அதுக்கு மட்டும் ஒருத்தரும் பெட் பிடிக்கத் தயாரில்லை.