வலைஞன் மகனின் வினா

"கொல்லாமை என்றாராமே புத்தர்! அப்படியானால், மீன் பிடிக்கும் என் தந்தைக்கு அவருடைய நெறியில் இடமில்லையா, ஐயா?"

ஆரம்பாக்கத்துப் பள்ளியிலே புத்தர் வரலாற்றை நான் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்த வினா இது. கேட்டவன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துச் சிறுவன். விடியுமுன் தந்தையோடு தோணியேறி, இறால் வலையை உதறிவிட்டு, ஈரம் உலராத தலையோடு வகுப்புக்கு வருபவன். அவனுடைய வினா என் வினாவுங்கூட! நானும் வலைஞர் வீட்டுப் பிள்ளைதான். கல்லூரி விடுதியிலே 'கவிச்சி வாடை' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, என் பாயைத் தாழ்வாரக் கோடியில் போடச் சொன்ன நண்பர்கள் எனக்கும் இருந்தனர். நண்பர்களாம், நண்பர்கள்!

யார் இந்தப் புத்தர்? ஏறத்தாழ 2,500 ஆண்டுகட்கு முன், லும்பினியில், சாக்கியர் குலத்தில் பிறந்த சித்தார்த்தர். 29-ஆம் அகவையில் மனை துறந்தார். உடலை வாட்டும் நோன்புகளை ஆறாண்டுகள் நோற்றுப் பார்த்தார். பயனில்லை எனக் கண்டதும் துணிவோடு கைவிட்டார். 35-ஆம் அகவையில் கயையில், அரசமரத்தடியில் தெளிவு பெற்றார். சாரநாத்தில் ஐவர்க்கு அதை எடுத்துரைத்தார். 80-ஆம் அகவையில் குசிநகரில் மறையும்வரை ஊர் ஊராய் நடந்தார். தம்மைக் கடவுள் என்றாரா? இல்லை. கடவுளின் தூதர் என்றாரா? அதுவும் இல்லை.

நோயாளியிடம் மருத்துவன் பேசுவதுபோல் பேசினார் அவர். துன்பம் உண்டு; அதற்குக் காரணம் உண்டு, அது வேட்கை; அதை நீக்க இயலும்; நீக்கும் வழி எட்டு உறுப்புகள் கொண்டது. நற்காட்சியில் தொடங்கி, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை என்று வளர்ந்து நல்லமைதியில் முடிவது அவ்வழி. வேள்வித் தீ அதிலே இல்லை, நெய்க்குடம் இல்லை, தட்சணை இல்லவே இல்லை! எப்பொருளும் பிற பொருள்களைச் சார்ந்தே தோன்றுகிறது, மாறுகிறது, மறைகிறது. மாறாத ஆன்மா என ஒன்றில்லை என்றார். ஆன்மாவே இல்லையென்றால், உயர்ந்த ஆன்மா எது, தாழ்ந்த ஆன்மா எது? காலாமர் என்னும் மக்களிடம், மரபு என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்க வேண்டாம் என்று கூறியவரும் அவரே. மறுபிறப்பைப் பற்றிய பேச்சும் அவர் நெறியில் உண்டு. காலாமர்க்குத் தந்த உரிமையைக் கொண்டே அதை நான் ஏற்க மறுக்கிறேன்.

சிறுவனின் வினாவுக்கு வருவோம். மழுப்ப வேண்டியதில்லை. ஐந்து ஒழுக்கங்களில் முதலாவது கொல்லாமை. இல்லறத்தார் விலக்க வேண்டிய வாணிபங்களில் இறைச்சி விற்பதும் ஒன்று. வலைத்தொழிலைப் பாலி நூல்கள் பாராட்டவில்லை. ஆனால், அந்நூல்களே கூறும் வேறொரு செய்தியும் உண்டு. மீனும் இறைச்சியும் பிக்குகள் அறவே உண்ணலாகாது என விதிக்குமாறு தேவதத்தன் வற்புறுத்தினான், புத்தர் மறுத்துவிட்டார். தமக்கென்றே கொல்லப்பட்டதாகக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருந்தால் பிக்கு உண்ணலாம் என்றார். பிச்சைப் பாத்திரத்திலே மீன் விழலாம் என்றால், அதைப் பிடித்த கை மட்டும் எப்படிப் பழிக்குரியதாகும்? இவ்விடத்தில் நூல்களின் பக்கம் அல்ல, தோணியில் நிற்கும் தந்தையின் பக்கமே நான் நிற்கிறேன்.

யசோஜர் என்றொரு பிக்கு இருந்தார். சிராவஸ்தி நகர வாயிலருகே வாழ்ந்த ஐந்நூறு வலைஞர் குடும்பங்களின் தலைவனுக்கு மகன் என்று உரைநூல் கூறுகிறது. அவரும் தோழர்களும் புத்தரைக் காண வந்தபோது பேரிரைச்சல் எழுந்தது. மீன்துறைக் கூச்சல்போல் இருக்கிறதே என்று கூறித் திருப்பி அனுப்பினார் புத்தர். உவமை சற்றே குத்தலானதுதான். எங்கள் கரையில் மீன் ஏலத்தைக் கேட்டவர்களோ அதைப் பொய்யென்று சொல்லமாட்டார்கள்! விலக்கியது கூச்சலுக்காக, குலத்துக்காக அன்று. வக்குமுதா ஆற்றங்கரையில் மழைக்காலம் முழுதும் தங்கி முயன்று, அவர்கள் அனைவரும் அருகதராயினர்.

உபாலியின் கதையோ இன்னும் சிறப்பு. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தனர். உடன் வந்தவர் அவர்களுடைய நாவிதர் உபாலி. தங்கள் செருக்கு அடங்கவேண்டும் என்று, அவருக்கே முதலில் துறவு அளிக்குமாறு அவர்கள் வேண்டினர். அவ்வாறே நடந்தது. முதலில் சேர்ந்தவரைப் பின்வந்தோர் வணங்குவது சங்கத்தின் முறை. ஆகவே, நாவிதரை அரசிளங்குமரர் வணங்கினர்!

இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஏரியின் 'பாடு' முறை என் நெஞ்சை உறுத்துகிறது. எவர் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் அருமையான முறை அது. வலியவன் எளியவனை விழுங்காமல் காப்பது. ஆனால், அந்தக் குலுக்கலில் பட்டினவர்க்கே மரபுரிமை. அதே நீரில் இறங்கிப் பிழைக்கும் ஆதித்திராவிடத் தோழருக்குச் சீட்டு உண்டா? கவிச்சி என்று என்னை விலக்கியவனை வைகிறேனே, என் குலத்தார் விலக்குவதை எப்படி வைவது?

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை பிறந்த மொழி இது. காஞ்சியிலே விகாரைகள் நிறைந்திருந்ததை ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்தார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான் இராசராசன். பின்னர் மங்கிய விளக்கை 1898-இல் ஏற்றியவர் அயோத்திதாசப் பண்டிதர். கொழும்பு சென்று தீட்சை பெற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-இல் பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1948-இல் அதை முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தவர் அண்ணல் அம்பேத்கர். எட்டாண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அவரும் அந்நெறியில் சேர்ந்தார்.

அயோத்திதாசர் காலத்துச் சென்னையிலே, தம் இல்லத்தையே பௌத்தர் கூடும் மன்றமாக்கியவர் ஒருவர் இருந்தார். 1923-இல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய ம. சிங்காரவேலர்தான் அவர். 1860-இல், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்.