நடுவாந்திரம்!

"எதிலேயும் நீ நடுவாந்திரம்டா!" என்பார் அப்பா. பி.காமில் 52 சதவிகிதம் வாங்கியவன் என்ன பதில் சொல்வது?

பதில் பிரான்ஸில் கிடைத்தது. பர்கண்டியில் போன் என்று ஓர் ஊர் (டெலிபோன் இல்லை சார், ஊர்ப் பேரே அதுதான்!). சைக்கிளையும் மேப்பையும் கையில் கொடுத்து, பெட்டியை வேனில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கைடு கிடையாது. தொலைந்தால் நம் சாமர்த்தியம்!

திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே பாதை. போமார், வோல்னே, மெர்சோ... பாட்டில் லேபிளில் பார்க்கிற பெயரெல்லாம் குட்டிக் குட்டி ஊர்கள். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சரிவுகள் இவை.

புலினி தாண்டி மோன்ராஷே தோட்டம். மொத்தமே 8 ஹெக்டேர். ஒரு பாட்டில் வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் காலி!

கீழே சமவெளியில் விளைவது மலிவு. அப்படியானால் உச்சியில்தானே உசத்தி? மூச்சிரைக்க மிதித்தேன். ம்ஹூம்! அங்கே மண் மெலிசு, குளிர் அதிகம், விலை இறங்கிவிடுகிறது. கீழேயோ ஈரம் தேங்கும். வெயிலும் வடிகாலும் கச்சிதமாக அமைவது நடுச்சரிவில்தான்.

மோன்ராஷே மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்பாவுக்கு கார்டு எழுதினேன்: "இங்கே நடுவாந்திரத்துக்குத்தான் விலை!"

ஊர் திரும்பியதும் சிரித்தார். "சரிடா, அங்கே திராட்சை விளையுது. நீ?"

ஆனால் அந்தக் கார்டு, இன்றும் அவர் டைரிக்குள்ளேதான் இருக்கிறது.